வாகூர்ச் செப்பேடும் வில்லியனூர்க் கணிப்பொறியும்

புதுவைக்குத் தெற்கே நெல்வயல்கள் சூழக் கிடக்கும் பாகூருக்கு வாகூர் என்பது பழைய பெயர். கணிப்பொறிக் கல்வியின் வரலாற்றைச் சொல்ல வந்தவன் பல்லவர் காலத்துச் செப்பேட்டை எடுத்து வைப்பது ஏன் என்று மாணவ நண்பர்கள் வியக்கக்கூடும். பள்ளிக்கு எந்தக் கருவி வந்தாலும், அதைக் கற்பிப்பவருக்கு என்ன ஏற்பாடு என்ற கேள்வியும் உடன் வருகிறது. அக்கேள்விக்கு இவ்வட்டாரம் அளித்த பழைய விடையொன்று அச்செப்பேட்டில் இருக்கிறது.

நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 877-இல், வேசாலிப் பேரரையன் என்னும் தலைவன் விண்ணப்பிக்க, சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்னும் மூன்று ஊர்கள் வாகூர் வித்தியாஸ்தானத்துக்கு வழங்கப்பட்டன. மூன்று ஊர்களின் வருவாய் என்றால், கற்பிப்போர்க்கும் கற்போர்க்கும் நாள்தோறும் சோறு என்று பொருள். வில்லியனூருக்கு மேற்கே திருபுவனையில் உள்ள 1048-ஆம் ஆண்டுக் கல்வெட்டோ 260 மாணவர்களையும் 12 ஆசிரியர்களையும் கூறுவதோடு, ஊர் வாரியப் பணிகளிலிருந்து அவர்களுக்கு விலக்கும் அளிக்கிறது. தேர்தல் பணியும் கணக்கெடுப்புப் பணியும் பார்க்கும் இன்றைய ஆசிரியர்கள் இதைக் கேட்டால் பெருமூச்சு விடுவர்! ஆயினும் அக்கல்லூரிகளின் கதவு எல்லார்க்கும் திறந்ததன்று. வேதமும் சாத்திரமும் ஓதுதற்குரியவர் என்று கருதப்பட்ட சிலர்க்கே அது திறந்தது. இதனையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

இனி, நெடுங்காலம் கடந்து 1984-க்கு வருவோம். இந்திய அரசு ‘கிளாஸ்’ என்ற திட்டத்தைத் தொடங்கி, நாடெங்கும் ஏறத்தாழ 250 பள்ளிகளுக்கு இங்கிலாந்தில் உருவான பி.பி.சி. மைக்ரோ கணிப்பொறிகளை அளித்தது. அவற்றின் நினைவகம் 32 கிலோபைட்டுதான். கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்துக்குக்கூட இன்று அது போதாது. அது குறையன்று. கருவிக்கும் பாடத்திட்டத்துக்கும் உறவு ஏற்படாமையே குறை. பயிற்சி பெற்ற ஆசிரியர் மாற்றலாகிப் போனால், கருவி உறையிட்டபடியே இருக்கும்.

புதுவைச் சிற்றூர்களில் 1998-இல் நடந்தது வேறு வகை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை நடுவமாகக் கொண்டு ‘தகவல் கிராமம்’ என்னும் முயற்சியைத் தொடங்கியது. தொலைபேசிக் கம்பியை நம்ப இயலாத ஊர்களுக்குக் கம்பியில்லா அலைவழியே செய்தி சென்றது. மின்சாரம் நின்றால் சூரியத் தகடு கைகொடுத்தது. இவற்றைவிட என்னைக் கவர்ந்தது ஊராரோடு செய்துகொண்ட உடன்பாடு. இடத்தை ஊரே வாடகையின்றித் தரவேண்டும். சாதி, பால் வேற்றுமையின்றி யாவரையும் உள்ளே விடவேண்டும். நிலையத்தை நடத்தும் தொண்டர்களையும் ஊரே தரவேண்டும். அத்தொண்டர்களில் பலர் பெண்கள். பள்ளிப் படிப்போடு நின்றவர்கள். ஆங்கில எழுத்துப் பொறித்த விசைப்பலகையில் தமிழைத் தட்டெழுதப் பழகி, பிறகு தம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

ஏம்பலத்தில் அந்நிலையம் ஒரு கோயிலின் அறையில் அமைந்தது. அக்காலத்தில் கோயிலுக்கு இரண்டு வாயில்கள். வழிபாட்டுக்குரிய வாயிலில் சிலர்க்குத் தடை இருந்தது. கணிப்பொறிக்குரிய வாயிலில் எவர்க்கும் தடையில்லை. வாகூரில் திறவாத கதவொன்று இங்கே திறந்தது என்றே நான் கருதுகிறேன். வீராம்பட்டினத்திலோ, அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்திலிருந்து எடுத்த அலையுயர அறிவிப்பு ஒலிபெருக்கியில் மீனவர்க்கு முழங்கிற்று. நாளைக்குக் கடலில் இறங்கலாமா என்று காத்திருந்த வீட்டுக்குக் கணிப்பொறி எதற்கென்று எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

2004 இறுதியில் நடுவண் அரசு பள்ளிகளுக்கான தகவல் தொழில்நுட்பத் திட்டத்தைக் கொணர்ந்தது. பல மாநிலங்கள் அதனை ஒப்பந்த முறையில் நிறைவேற்றின. நிறுவனமொன்று கருவிகளை நிறுவும். பயிற்றுநரையும் அதுவே அனுப்பும். பெரும்பாலும் ஐந்தாண்டு கழிந்தபின் கருவிகளைப் பள்ளியிடம் ஒப்படைக்கும். பயிற்றுநர் ஒப்பந்தத்தோடு போய்விடுவார். அவர் இருக்கும்போதே அருகமர்ந்து கற்றுக்கொண்ட கணக்காசிரியரோ தமிழாசிரியரோ உள்ள பள்ளியில்தான் ஆறாம் ஆண்டிலும் அவ்வறையின் பூட்டுத் திறக்கும்.