டாக்டர் சாம் ஷெப்பர்ட் வழக்கு: டயக்னோசிஸ் முதலில், பரிசோதனை பிறகு

 

1954 ஜூலை 4. அமெரிக்க சுதந்திர தினம். ஒஹையோ மாநிலத்தில் கிளீவ்லாந்து நகரத்தை ஒட்டி, ஈரி ஏரிக்கரையில் இருக்கும் பே வில்லேஜ் என்ற அமைதியான ஊர்.

விடிகாலை சுமார் 5.40 மணிக்கு அந்த ஊர் மேயர் ஸ்பென்சர் ஹோக் வீட்டில் போன் அடிக்கிறது. பேசுவது அக்கம்பக்கத்தில் குடியிருக்கும் டாக்டர் சாம் ஷெப்பர்ட். சீக்கிரம் ஓடி வாங்க, என் மனைவியைக் கொன்னுட்டாங்க போலிருக்கு என்று பதறுகிறார்.

மேயரும் அவர் மனைவியும் ஓடி வந்து பார்க்கிறார்கள். மாடி படுக்கையறையில் மெரிலின் ஷெப்பர்ட் ரத்த வெள்ளத்தில் கிடக்கிறார். தலையிலும் முகத்திலும் திரும்பத் திரும்ப அடித்த காயங்கள். வயது 31. நாலு மாத கர்ப்பிணி. பக்கத்து அறையில் 7 வயது மகன் ஒண்ணும் தெரியாமல் தூங்கிக்கொண்டிருக்கிறான்.

சாமுக்கு அப்போ வயது 30. அறுவை சிகிச்சை மருத்துவர். அப்பா டாக்டர், அண்ணன்கள் ரெண்டு பேரும் டாக்டர்கள், குடும்பமே சேர்ந்து நடத்திய மருத்துவமனை. ஊரே மதித்த வீடு அது.

அவர் சொன்ன கதை இதுதான். ராத்திரி கீழே ஹாலில் இருந்த கட்டிலிலேயே தூங்கிட்டார். மனைவியின் அலறல் கேட்டு மாடிக்கு ஓடினார். மங்கலான வெளிச்சத்தில் ஒரு உருவம் தெரிந்தது. அடி விழுந்து மயங்கினார். கண் விழித்து மனைவிக்கு நாடி பார்த்தார், துடிப்பு இல்லை. கீழே சத்தம் கேட்டு இறங்கி, ஏரிக்கரை வரை ஒரு ஆளைத் துரத்தினார். அடர்ந்த தலைமுடி உள்ள ஆள். கைகலப்பில் மறுபடியும் மயங்கினார்.

நம்பும்படி இருக்கா? நியாயமான சந்தேகங்கள் இருந்தன. கதவை உடைத்த தடயம் இல்லை. அவர் போட்டிருந்த டி-ஷர்ட்டைக் காணோம். அவருடைய வாட்ச்சும் மோதிரமும் வீட்டுக்குப் பின்னாடி ஒரு பைக்குள் கிடந்தன. கொன்ற ஆயுதம் கிடைக்கவே இல்லை.

இன்னொரு பக்கம், அவருக்கும் காயங்கள் இருந்தன. முகம் வீங்கியிருந்தது, பற்கள் உடைந்திருந்தன. குடும்பத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு நரம்பியல் மருத்துவர் பரிசோதித்து, கழுத்துத் தசைகள் இறுகியிருப்பதையும் உடம்பின் இடது பக்கம் சில அனிச்சைச் செயல்கள் இல்லாததையும் பதிவு செய்தார். வலியை நடிக்கலாம். அனிச்சைச் செயலை நிறுத்தி நடிப்பது அவ்வளவு சுலபம் இல்லை.

அதாவது, ரெண்டு பக்கமும் ஆதாரம் இருந்தது. பொறுமையா உட்கார்ந்து விசாரிக்க வேண்டிய கேஸ்.

ஆனா நடந்தது என்ன?

அந்த மாவட்டத்தின் கரோனர் டாக்டர் சாமுவேல் கெர்பர். சந்தேக மரணங்களை விசாரிக்கும் அதிகாரி. தேர்தலில் நின்று ஜெயித்து வரும் பதவி அது. கொலை நடந்த அன்று காலையிலேயே, வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இதை டாக்டர்தான் செய்திருக்கார், போய் வாக்குமூலத்தை வாங்குங்க என்ற அர்த்தத்தில் தன் ஆட்களிடம் சொன்னதாக நீதிமன்றப் பதிவில் இருக்கிறது. அதை யாரும் மறுக்கவும் இல்லை.

மருத்துவக் கல்லூரியில் எங்களுக்கு முதலில் சொல்லித் தரும் பாடம் ஒண்ணு உண்டு. நோயாளி வாசலில் நுழையும்போதே நோயை முடிவு பண்ணாதே. பண்ணிட்டா, அதுக்கப்புறம் வரும் ஒவ்வொரு ரிப்போர்ட்டும் உன் முடிவுக்கு ஏத்த மாதிரிதான் உன் கண்ணுக்குத் தெரியும். டாக்டர் கெர்பர் காலையிலேயே டயக்னோசிஸ் எழுதிட்டார்.

அடுத்தது பத்திரிகை. 'கிளீவ்லாந்து பிரஸ்' நாளிதழ், ஆசிரியர் லூயிஸ் செல்ட்சர். யாரோ கொலை பண்ணிட்டுத் தப்பிக்கிறாங்க என்று முதல் பக்கத்தில் தலையங்கம். மறுநாள், ஏன் இன்னும் விசாரணை வைக்கவில்லை என்று கரோனரையே கேட்டு இன்னொரு தலையங்கம். கரோனர் உடனே விசாரணையை அறிவித்தார்.

எங்கே தெரியுமா? ஒரு பள்ளிக்கூடத்தின் உடற்பயிற்சிக் கூடத்தில். நூற்றுக்கணக்கான பார்வையாளர்கள், மைக்குகள், ரேடியோ நேரடி ஒலிபரப்பு. எல்லார் கண் முன்னாடியும் ஷெப்பர்டை நிற்க வைத்துச் சோதனை போட்டார்கள். மூணு நாள் விசாரணையில் அவரை அஞ்சு மணி நேரத்துக்கும் மேல் கேள்வி கேட்டார்கள். வக்கீல் கூடவே இருந்தும் குறுக்கிட அனுமதி இல்லை. ஒரு கட்டத்தில் வக்கீலை வலுக்கட்டாயமாக வெளியேற்றினார்கள். கூட்டம் கைதட்டியது. பெண்கள் வந்து கரோனரைக் கட்டிப்பிடித்துப் பாராட்டினார்கள்.

அங்கேதான் ஷெப்பர்ட் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார். மருத்துவமனையில் வேலை பார்த்த ஒரு லேப் டெக்னீஷியனுடன் தொடர்பு உண்டா என்ற கேள்விக்கு, சத்தியப் பிரமாணம் எடுத்த பிறகும், இல்லை என்றார். அது பொய். வெளியே வந்ததும் ஊர் முடிவு பண்ணிவிட்டது. மனைவிக்குத் துரோகம் செய்தவன் கொலையும் செய்திருப்பான் என்று. முதலாவது உண்மை. அதிலிருந்து ரெண்டாவதுக்குத் தாவ ஆதாரம் வேணும். அந்தத் தாவல் மட்டும் யாருக்கும் கஷ்டமா இல்லை.

ஜூலை 30. இன்னும் ஏன் இழுத்தடிக்கிறீங்க, பிடிச்சு உள்ளே போடுங்க என்கிற தொனியில் மறுபடியும் முதல் பக்கத் தலையங்கம். அன்று ராத்திரியே கைது.

அக்டோபரில் வழக்கு தொடங்கியது. அங்கே ஜூரி முறை. குற்றவாளியா இல்லையா என்று முடிவு செய்வது பொதுமக்களில் இருந்து தேர்ந்தெடுத்த 12 பேர். அதனால அவங்க காதில் என்ன விழுது என்பதுதான் எல்லாமே.

வழக்கு தொடங்க மூணு வாரம் முன்பே, ஜூரிக்கு அழைக்கப்பட்ட 75 பேரின் பெயரையும் முகவரியையும் பத்திரிகைகள் வெளியிட்டன. அவர்களுக்குக் கடிதங்களும் போன்களும் குவிந்தன. நீதிமன்றத்துக்குள், ஜூரி உட்காரும் இடத்துக்குச் சில அடி தூரத்திலேயே நிருபர்களுக்கு மேஜை. வக்கீலும் கட்சிக்காரரும் ரகசியமா பேசிக்கொள்ளக்கூட இடமில்லை.

இன்னொரு விஷயம். நவம்பர் தொடக்கத்தில் தேர்தல். வழக்கை விசாரித்த நீதிபதி எட்வர்ட் பிளைதின் அதே பதவிக்கு மறுபடியும் வேட்பாளர். அரசுத் தரப்புத் தலைமை வழக்கறிஞரும் நீதிபதி பதவிக்கு வேட்பாளர். ஊரே கொதிக்கும் கேஸில், ஓட்டுக் கேட்டுக்கொண்டே நீதி வழங்க வேண்டிய நிலை.

சாட்சிக் கூண்டில் டாக்டர் கெர்பர், தலையணை உறையில் பதிந்த ரத்தக்கறையைக் காட்டி, இது ஒரு அறுவை சிகிச்சைக் கருவியின் அச்சு என்றார். என்ன கருவி? சொல்லவில்லை. கொண்டுவந்து காட்டவும் இல்லை. ஆனா குற்றம் சாட்டப்பட்டவர் சர்ஜன். ஜூரி மனசில் கணக்கு தானா முடிஞ்சிடும்.

1954 டிசம்பர் 21. அஞ்சு நாள் விவாதித்த பிறகு தீர்ப்பு. அந்த அஞ்சு நாளும் ஜூரிகளை வீட்டுக்குப் போன் பேச அனுமதித்திருந்தார்கள். இரண்டாம் நிலைக் கொலைக் குற்றம். ஆயுள் தண்டனை.

அடுத்த மாதமே சாமின் அம்மா தற்கொலை செய்துகொண்டார். அதிலிருந்து 11 நாளில் அப்பாவும் நோயில் இறந்துபோனார்.

அதே ஜனவரியில் கலிஃபோர்னியாவிலிருந்து பால் கிர்க் என்ற தடயவியல் நிபுணர் வந்தார். சுவரில் ரத்தம் தெறித்த விதத்தை அளந்து, அடித்தவர் இடது கைப்பழக்கம் உள்ளவர் என்று அறிக்கை கொடுத்தார். ஷெப்பர்ட் வலது கைப்பழக்கம் உள்ளவர். மறு விசாரணை கேட்டார்கள். மறுத்துட்டாங்க.

1956-ல் ஒஹையோ உச்ச நீதிமன்றம் 5-க்கு 2 என்று தண்டனையை உறுதி செய்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ளவே இல்லை. கதவு மூடிவிட்டது.

1961-ல் அவருடைய வக்கீல் இறந்தார். எஃப். லீ பெய்லி என்ற இளம் வக்கீல் வழக்கைக் கையில் எடுத்தார். ஆட்கொணர்வு மனு போட்டார். 1964 ஜூலையில் மத்திய மாவட்ட நீதிபதி கார்ல் வைன்மன், நடந்த விசாரணையே நீதியைக் கேலி செய்வது என்று சொல்லி விடுதலை செய்தார். கிட்டத்தட்ட 10 வருஷம் கழிச்சு ஷெப்பர்ட் வெளியே வந்தார்.

1965-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2-க்கு 1 என்று அதை ரத்து செய்தது. கடைசியா 1966 ஜூன் 6, அமெரிக்க உச்ச நீதிமன்றம், 8-க்கு 1. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி டாம் கிளார்க். 1954-ல் நடந்தது நியாயமான விசாரணையே இல்லை.

இதைக் கவனமா படிங்க. ஷெப்பர்ட் நிரபராதி என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. பத்திரிகையின் வாயைக் கட்டு என்றும் சொல்லவில்லை. நீதிமன்றத்தைக் கட்டுப்பாட்டில் வைக்க வேண்டியது நீதிபதியின் பொறுப்பு என்றது. ஊர் கொதித்தால் வழக்கை வேறு ஊருக்கு மாற்று, அல்லது தள்ளி வை. ஜூரியைத் தனியே தங்க வை. போலீஸும் வக்கீலும் சாட்சியும் வெளியே பேட்டி கொடுப்பதைத் தடு. ஷெப்பர்ட் எதிர் மேக்ஸ்வெல் என்ற இந்தத் தீர்ப்பை இன்றும் அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள்.

மறு விசாரணையில் ஜூரி தனியே தங்க வைக்கப்பட்டது. பெய்லி, கெர்பரைக் குறுக்கு விசாரணை செய்தார். அந்த அறுவை சிகிச்சைக் கருவி எங்கே? அமெரிக்கா முழுக்கத் தேடினேன், கிடைக்கவில்லை என்றார் கெர்பர். 12 வருஷம் முன்னாடி ஒருத்தரை உள்ளே தள்ள உதவிய அந்தக் கருவி, எந்த ஆபரேஷன் தியேட்டரிலும் இல்லை.

1966 நவம்பர் 16. குற்றவாளி இல்லை.

சுபம் என்று போட்டுவிட முடியாது நண்பர்களே. மறுபடி மருத்துவம் பார்க்கப் போனார். ரெண்டு நோயாளிகள் இறந்தார்கள், வழக்குகள் வந்தன, வேலையை விட்டார். குடி பிடித்துக்கொண்டது. கடைசியில் 'கில்லர்' ஷெப்பர்ட் என்ற பெயரில் மல்யுத்த மேடை ஏறினார். எந்தப் பட்டத்திலிருந்து விடுதலை வாங்கினாரோ, அதையே விற்றுச் சாப்பிட வேண்டிய நிலை. 1970 ஏப்ரலில், 46 வயதில், கல்லீரல் செயலிழந்து இறந்தார்.

அந்த வீட்டில் ஜன்னல் துடைக்க வந்த ஒருவரிடம் 1959-ல் மெரிலினின் மோதிரம் சிக்கியது. சாமின் அண்ணன் வீட்டிலிருந்து திருடியது. பின்னாளில் அவர் வேறொரு மூதாட்டியின் கொலையில் தண்டனை பெற்றார். மெரிலின் கொலையில் அவர் மீது வழக்கே வரவில்லை.

அன்று பக்கத்து அறையில் தூங்கிய சிறுவன் வளர்ந்து, அப்பாவைத் தவறாகச் சிறை வைத்ததற்காக மாநில அரசு மீது வழக்குப் போட்டார். 2000-ம் வருஷம், பத்து வாரம் விசாரணை. தோற்றார். மூணு ஜூரி, மூணு பதில் என்று சிரிப்பவர்கள் உண்டு. ஆனா கேள்வியே வேறு. 1966-ல் குற்றத்தை அரசு நிரூபிக்க வேண்டும். 2000-ல் நிரபராதி என்பதை மகன் நிரூபிக்க வேண்டும். அரை நூற்றாண்டு கழித்து ரெண்டையும் உறுதியாகச் சொல்லும் அளவுக்குத் தடயம் மிச்சமில்லை.

ஏன் மிச்சமில்லை? கொலை நடந்த காலையில் அந்த வீட்டுக்குள் போலீஸ், உறவினர், அக்கம்பக்கம், நிருபர்கள் என்று எல்லாரும் நடந்து போனார்கள். பதில் ஏற்கனவே கையில் இருக்கும்போது தடயத்தைப் பாதுகாக்க யாருக்குத் தோணும்?

ஊர் கூடித் தீர்ப்பு எழுதினால் பாதிக்கப்படுவது குற்றம் சாட்டப்பட்டவர் மட்டும்னு நினைக்கிறோம். கணவர்தான் கொன்றார் என்றால், நேர்மையான விசாரணை அதை அசைக்க முடியாதபடி நிரூபித்திருக்கும். வேறு ஒருவர் என்றால், அவரைத் தேடியிருக்கும். ரெண்டும் நடக்கவில்லை. சட்டப் புத்தகத்தில் ஷெப்பர்ட் பெயர் இருக்கு, தலையங்கம் எழுதியவர் பெயர் இருக்கு, நீதிபதிகள் பெயர் இருக்கு.

31 வயசில், வயிற்றில் குழந்தையோட, தன் கட்டிலிலேயே அடித்துக் கொல்லப்பட்ட மெரிலினுக்கு மட்டும் இன்னைக்கு வரைக்கும் நீதி கிடைக்கல.

அடுத்த தடவை டிவியில் ஒரு கொலைச் செய்தி பார்த்து, இவன்தான் செஞ்சிருப்பான்னு வாய் வரைக்கும் வரும்போது, இல்லாத அந்த அறுவை சிகிச்சைக் கருவியை ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க.