அஞ்சலியும் துக்கம் கேட்டலும்: 2015ஆம் ஆண்டின் பாடாங் வரிசை

தலைவர் ஒருவர் மறைந்ததும் நம் அறிவிப்புகளில் தவறாது இடம்பெறும் தொடர் ‘அஞ்சலி செலுத்துதல்’. அஞ்சலி என்பது கைகுவித்தலைக் குறிக்கும் வடசொல். உடன்வரும் ‘செலுத்து’ என்னும் வினை வரியோடும் கட்டணத்தோடும் வருவது; கடமையை முடித்துத் திரும்பும் சாயல் அதற்கு உண்டு. ஊர்வழக்கோ வேறு. துக்கம் கேட்டல் என்பர். நெல்லைப் பக்கம் துட்டி கேட்டல், புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் கேதம் கேட்டல். கேட்கப் போகிறவர் உண்மையில் பெரிதாக எதையும் கேட்பதில்லை. போய்ச் சேர்வதே கேட்டல்.

சிங்கப்பூரின் முதல் பிரதமர் லீ குவான் இயூ 2015 மார்ச் 23ஆம் நாள் அதிகாலையில் காலமானார். 25ஆம் நாள் அவரது நல்லுடல் இஸ்தானாவிலிருந்து பீரங்கி வண்டியில் நாடாளுமன்றக் கட்டடத்திற்குக் கொண்டுவரப்பட்டது. பொதுமக்களுக்கு இரவு எட்டு மணி வரை என்பதே முதல் ஏற்பாடு. திரண்ட கூட்டத்தைக் கண்டு அன்றே அது 24 மணி நேரமாக நீட்டிக்கப்பட்டது. பெருவிரைவு ரயில்கள் இரவு முழுதும் ஓடின. வரிசை பாடாங் திடல்வரை நீண்டது. 1966இல் முதல் தேசிய தின அணிவகுப்பு நிகழ்ந்த அதே திடல். அங்கே சிலர் எட்டு மணி நேரத்திற்கும் மேலாக நின்றனர். 27ஆம் நாள் இரவு, இனி எவரும் வரிசையில் சேர வேண்டா என்று அறிவிக்கும் நிலை ஏற்பட்டது. நான்கு நாள்களில் 450,000க்கும் மேற்பட்டோர் வந்து சென்றனர்.

உள்ளே அவர்களுக்குக் கிடைத்தவை சில நொடிகளே. சில நொடிக்காக இத்தனை மணி நேரமா என்று வியப்பவர் ‘செலுத்து’ என்னும் வினையின் வழியாகவே இதனை நோக்குகிறார். நல்லதற்கு அழைத்தால் போவதும் கெட்டதற்கு அழையாமலே போவதும் நம் வழக்கு. துக்க வீட்டில் ‘வாங்க’ என்னும் வரவேற்பு இல்லை; புறப்படுகையில் ‘போய் வருகிறேன்’ என்பதும் இல்லை. தலைவணங்கிப் பேசாமல் வெளியேறியவருள் பெரும்பாலோர் தமிழறியாதவர். ஆயினும் அவர்தம் செயலுக்குப் பொருந்தும் பெயர் தமிழில் துக்கம் கேட்டலே என்பது என் துணிபு. ஒழுங்கும் நேரமும் அரசு வகுத்தவை. காத்திருப்பு மக்களுடையது. அவருடைய ஆட்சியின் கடுமையில் உடன்படாதோரும் இந்நாட்டில் இருந்தனர். கருத்து வேறுபாடு துக்கம் கேட்கத் தடையன்று.

29ஆம் நாள் இறுதி ஊர்வலம் 15.4 கிலோமீட்டர் சென்றது. கொட்டும் மழையில் மக்கள் வழிநெடுக நின்றனர். இங்கு உழைக்க வந்தோர் பலரின் சொந்த வட்டாரமான மன்னார்குடியிலும் அவருக்கு இரங்கல் பதாகைகள் எழுந்தன. கடல் கடந்து வர இயலாதவர்கள் தம் தெருவிலேயே துக்கம் கேட்டனர்.