நட்சத்திரம் ஜெயித்த தேர்தல்: மேற்கு ராமநாதபுரத்தில் வலதுசாரி வாக்கு, 1952–1971

1967 பொதுத்தேர்தலில் மதுரை மக்களவைத் தொகுதியில் ஜெயித்தவர் பி. ராமமூர்த்தி, மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட். அதற்குத் தெற்கே, சிவகாசி மக்களவைத் தொகுதியில் ஜெயித்தவர் பெயரும் பி. ராமமூர்த்திதான். ஆனால் இவர் ராஜாஜியின் சுதந்திரா கட்சி, சின்னம் நட்சத்திரம். ஒருவர் கட்சி நிலச்சீர்திருத்தம் கேட்டது. மற்றவர் கட்சி நிலத்திலும் தொழிலிலும் சர்க்கார் கை வைக்கக் கூடாது என்றது. இரண்டு ராமமூர்த்திகளும் நின்றது ஒரே அணியில், தி.மு.க. போட்ட பந்தலுக்குக் கீழே.

திராவிட அரசியலின் பிறப்பு ஆண்டாக 1967-ஐப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். அதே ஆண்டில்தான் தமிழகத்தில் பழமைவாதக் கட்சி ஒன்று தன் வரலாற்றிலேயே பெரிய வெற்றியை அடைந்தது என்பது ஓரத்தில் ஒதுக்கப்பட்டுவிட்டது. சட்டமன்றத்தில் சுதந்திராவுக்கு 20 இடங்கள். தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்கு 6 பேர். நாடு முழுவதும் 44 உறுப்பினர்களோடு மக்களவையின் மிகப் பெரிய எதிர்க்கட்சியாகவே அது உட்கார்ந்தது. இந்த வெற்றியின் வேரைத் தேட, அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தின் மேற்கே இருந்த ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் தோதான இடங்கள். ராஜாஜிக்கு ஆட்சி கிடைத்த கதை ஒருவகையில் இங்கேதான் தொடங்குகிறது.

ராஜபாளையத்துக்காரர் பூ. ச. குமாரசாமி ராஜா. 1949 ஏப்ரலில் சென்னை மாகாணத்தின் பிரதமராகப் பதவியேற்றார். அரசியல் சட்டம் 1950-ல் நடைமுறைக்கு வந்ததும் அதே நாற்காலியில் முதலமைச்சர் ஆனார். சத்தியமூர்த்தியைப் பின்பற்றியவர், காமராஜின் ஆதரவில் தலைமைக்கு வந்தவர். கட்சிக்குள் ராஜாஜிக்கு எதிர்முகாம் என்றே சொல்லலாம். அவர் ஆட்சியில் வந்ததுதான் 1951-ம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டம். வகுப்புவாரி உத்தரவு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1951-ல் தீர்ப்பளித்தபோது வழக்கில் மேல்முறையீடு செய்து தோற்றதும் அவருடைய அரசுதான். அந்தத் தீர்ப்பைத் தாண்டுவதும் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்தின் நோக்கங்களில் ஒன்று. இவரைப் பழமைவாதி என்று பட்டியலில் எழுத எனக்குக் கை வரவில்லை.

ஆனால் வயிற்றுப்பாடு வேறு. அடுத்தடுத்து மழை பொய்த்த ஆண்டுகள். அரிசிக்கு ரேஷன், தானியத்துக்குக் கட்டுப்பாடு, ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு மூட்டை கொண்டுபோகத் தடை. நூல் தட்டுப்பாட்டில் தறிகள் நின்றன. ராஜபாளையத்தில் 1936-ல் பி. ஏ. சி. ராமசாமி ராஜா தொடங்கிய மில் நூல் நூற்றுக்கொண்டிருந்தது. சுற்றுப்புறமோ தறியை நம்பிய வட்டாரம். பக்கத்துச் சத்திரப்பட்டி பிற்காலத்தில் பேண்டேஜ் துணிக்குப் பேர்போன ஊர். இப்படிப்பட்ட இடத்தில் நூலும் அரிசியும் சேர்ந்து தட்டுப்பட்டால் ஓட்டு எந்தப் பக்கம் சாயும் என்று ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை.

1952 தேர்தலில் ஓட்டுப் போடும் முறையே வேறு. வாக்குச்சீட்டில் பெயரும் கிடையாது, சின்னமும் கிடையாது. மறைப்புக்குப் பின்னால் வேட்பாளருக்கு ஒன்றாகப் பெட்டிகள் இருக்கும். ஒவ்வொன்றின் மேலும் சின்னம் ஒட்டியிருக்கும். சீட்டை எந்தப் பெட்டியில் போடுகிறோமோ அதுதான் ஓட்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் சட்டமன்றத் தொகுதியில் இரட்டைக் காளை ஒட்டிய முதலமைச்சரின் பெட்டி தோற்றது. மாநில முதலமைச்சரைச் சொந்த மண்ணே வீட்டுக்கு அனுப்பியது. அவரோடு பக்தவத்சலம் உள்ளிட்ட அமைச்சர்கள் சிலரும் தோற்றார்கள்.

அதே தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூர் மக்களவைத் தொகுதியில் அதே இரட்டைக் காளைச் சின்னத்தில் நின்ற காமராஜ் ஜெயித்தார். மக்களவைத் தொகுதி பரப்பில் பெரியது என்பதைக் கழித்துப் பார்த்தாலும், கட்சியையும் ஆட்சியையும் இந்த வட்டார மக்கள் பிரித்துப் பார்த்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

மொத்தம் 375 இடங்களில் காங்கிரஸுக்கு 152. பெரும்பான்மை இல்லை, கம்யூனிஸ்டுகள் 62 பேரோடு வந்திருந்தார்கள். தோற்ற முதலமைச்சரின் காலி நாற்காலிக்கு, தேர்தலிலேயே நிற்காத ராஜாஜியை அழைத்தார்கள். ஆளுநர் ஸ்ரீபிரகாசா அவரை மேலவைக்கு நியமன உறுப்பினராக்கினார். 1952 ஏப்ரல் 10-ல் பதவியேற்பு. இந்த நியமனம் செல்லாது என்று உயர் நீதிமன்றத்துக்குப் போனவர், அப்போது மதுரை வடக்கில் ஜெயித்திருந்த பி. ராமமூர்த்தி. ஆம், நாம் முதலில் பார்த்த மதுரை ராமமூர்த்தியேதான். வழக்கு நிற்கவில்லை.

ஆக, தமிழகத்தின் முதல் பழமைவாத ஆட்சி வாக்குப்பெட்டியிலிருந்து பிறக்கவில்லை. மக்கள் உணவுக் கட்டுப்பாட்டை எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். கட்டுப்பாட்டை எடுத்தவர் ராஜாஜி. அந்த முடிவு மக்களிடம் எடுபட்டது என்பதை அவருடைய எதிரிகளும் மறுக்கவில்லை. வேட்டியையும் சேலையையும் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று டெல்லியோடு மல்லுக்கு நின்றதும் அவர்தான். திறந்த சந்தை பேசியவர் தறிக்காரருக்கு வேலி கேட்டார். இந்த முரணைத் தறிக்கார ஊர்கள் குறையாக எடுத்துக்கொண்டிருக்க முடியாது. ஆனால் 1953-ல் தொடக்கப் பள்ளி நேரத்தைப் பாதியாக்கி, மீதி நேரம் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைக் கற்கட்டும் என்ற திட்டம் வந்தபோது எல்லாம் தலைகீழானது. குலக்கல்வி என்று அதற்குப் பெயர் விழுந்தது. விழுந்த பெயர் ஒட்டிக்கொண்டது. 1954 ஏப்ரலில் ராஜாஜி போனார், ஸ்ரீவில்லிபுத்தூரின் எம்.பி. காமராஜ் முதலமைச்சராக வந்தார். குமாரசாமி ராஜா அதே ஆண்டு ஒரிசாவுக்கு ஆளுநராகப் போனார்.

1957-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் இரட்டை உறுப்பினர் தொகுதி. பொது இடத்தில் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர், காமராஜின் கடும் எதிரி. தனி இடத்தில் காங்கிரஸின் ஆர். எஸ். ஆறுமுகம். ஒரே தொகுதியிலிருந்து எதிரெதிர் முகாம்கள் இரண்டும் டெல்லிக்குப் போயின. சில மாதங்களில் இமானுவேல் சேகரன் கொலையும் முதுகுளத்தூர் கலவரமும் நடந்தன. மாவட்டத்து அரசியல் அதன் பிறகு வெகுகாலத்துக்குச் சாதிக்கோட்டின் மேலேயே ஓடியது.

சுதந்திரா கட்சியின் உள்ளூர் வரலாற்றுக்கு இந்த 1957 மிக முக்கியம் என்பது என் கணிப்பு. 1959-ல் ராஜாஜி கட்சி தொடங்கியபோது அதன் பேச்சு பெர்மிட், லைசென்ஸ், கோட்டா பற்றியது. கூட்டுறவுப் பண்ணை என்ற பெயரில் நிலத்தைப் பிடுங்கப் பார்க்கிறார்கள் என்பது பற்றியது. தீப்பெட்டியும் பட்டாசும் அச்சுத் தொழிலும் உள்ள சிவகாசியில் லைசென்ஸ் என்றால் என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் கொள்கை மட்டும் ஓட்டு வாங்கித் தரவில்லை. 1962-ல் தேவரும் ராஜாஜியும் கைகோத்தார்கள். தேவர் சார்ந்திருந்த நேதாஜியின் கட்சியும் தாராளச் சந்தையின் கட்சியும் சேர ஒரே காரணம் காமராஜ் எதிர்ப்பு. அப்படியும் சுதந்திராவுக்குத் தமிழகச் சட்டமன்றத்தில் 6 இடங்கள்தான். மக்களவைக்கு ஒருவர்கூட இல்லை. சொந்தக் காலில் நின்றால் கட்சியின் உயரம் அவ்வளவுதான்.

அந்த உயரம் ஐந்தே ஆண்டில் மாறியதற்குக் காரணம் சுதந்திரா அல்ல. 1965 ஜனவரியில் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். இந்தி எதிர்ப்புப் போராட்டம் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. அடுத்து அரிசிப் பஞ்சம். 1937-ல் பள்ளியில் இந்தியைக் கட்டாயமாக்கிய ராஜாஜி இப்போது இந்தித் திணிப்பை எதிர்க்கும் முன்னணித் தலைவர். கம்யூனிஸ்டுகளைத் தன் முதல் எதிரி என்று 1952-ல் சட்டமன்றத்திலேயே சொன்னவர், மார்க்சிஸ்டுகளோடு ஒரே அணி. ஒரு கையில் பூணூலைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தி.மு.க.வுக்கு ஓட்டுப் போடுங்கள் என்று பிராமணர்களிடம் அவர் சொன்னதாக இன்றும் சொல்கிறார்கள். பகுத்தறிவுக் கட்சிக்குச் சனாதனி ஓட்டுக் கேட்ட வேடிக்கை வேறு எந்த மாநிலத்திலும் நடக்கவில்லை.

முடிவு தெரிந்ததே. தி.மு.க.வுக்கு அறுதிப் பெரும்பான்மை. விருதுநகரில் மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் 1,285 ஓட்டில் காமராஜ் தோற்றார். பக்கத்துச் சிவகாசியில் நட்சத்திரம் ஜெயித்தது. ஆனாலும் கணக்கை உற்றுப் பார்த்தால் காங்கிரஸும் தி.மு.க.வும் ஆளுக்கு ஏறத்தாழ 41 சதவீதம் வாங்கியிருந்தன. தராசை ஒரு பக்கம் சாய்த்தது கூட்டணி. அதில் சுதந்திராவின் பங்கு 5 சதவீதத்தைச் சற்றே தாண்டியது, தி.மு.க. அந்த ஐந்தை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு அதைப் போல் பல மடங்கு ஓட்டைச் சிவகாசி போன்ற தொகுதிகளில் நட்சத்திரத்துக்கு மாற்றிக் கொடுத்தது.

இதை அடுத்த ஆண்டு பிரான்சில் நடந்ததோடு வைத்துப் பார்க்க வேண்டும். 1968 மே மாதம் பாரிஸ் மாணவர்கள் தெருவில் தடுப்பு எழுப்பினார்கள். லட்சக்கணக்கான தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆட்சி கவிழ்ந்துவிடும் என்றே எல்லாரும் நினைத்தார்கள். மே 30-ல் அதிபர் டிகால் வானொலியில் பேசி நாடாளுமன்றத்தைக் கலைத்தார். அன்று மாலையே அவருடைய ஆதரவாளர்கள் சாம்ஸ் எலிசே வீதியை நிரப்பினார்கள். வறண்டு கிடந்த பங்குகளில் பெட்ரோல் திரும்பி வந்தது. விடுமுறைக்கு ஜனங்கள் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். ஜூன் 23, 30 தேதிகளில் நடந்த தேர்தலில் 487 இடங்களில் டிகால் கட்சிக்கு மட்டும் 290-க்கு மேல். கூட்டாளிகளோடு சேர்த்து 350-ஐத் தாண்டியது. கம்யூனிஸ்டுகள் 73-லிருந்து 34-க்கு இறங்கினார்கள். தேர்தலே ஒரு பொறி என்று மாணவர்கள் சுவரில் எழுதினார்கள்.

இரு நாட்டிலும் அன்று வாக்குரிமை வயது 21. தெருவில் இறங்கிய மாணவர்களில் பெரும்பாலானோருக்கு இங்கும் ஓட்டில்லை, அங்கும் ஓட்டில்லை. வித்தியாசம் வீட்டில் இருந்தது. பிரான்சில் பெற்றோர் பிள்ளைகளைக் கண்டு பயந்து ஓட்டுப் போட்டார்கள். இங்கே ஊருக்குத் திரும்பிய பிள்ளைகள் பெற்றோரிடம் ஓட்டுக் கேட்டார்கள். ரேஷன் கடையில் கால்கடுக்க நின்ற பெற்றோர் பிள்ளைகள் சொன்னதை நம்பினார்கள். அதனால்தான் பிரான்சின் பழமைவாதம் மாணவர் அலையை எதிர்த்து ஜெயித்தது. தமிழகத்தின் பழமைவாதம் மாணவர் அலையில் ஏறி ஜெயித்தது. முன்னது தன் பெயரில் வாங்கிய ஓட்டு. பின்னது கடன் ஓட்டு.

கடன் என்பது சீக்கிரமே தெரிந்தது. பெரும்பான்மை கையில் இருந்ததால் முதலமைச்சரான தி.மு.க. தலைவர் அண்ணாவுக்குச் சுதந்திராவின் தயவு தேவைப்படவில்லை. 1967 மார்ச் 6-ல் அமைந்த அமைச்சரவையில் அக்கட்சிக்கு இடமில்லை. சில மாதங்களிலேயே தேனிலவு முடிந்துவிட்டது என்றார் ராஜாஜி. சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு, இருமொழிக் கொள்கை என்று அரசு தன் வழியே போனது. இருமொழியை ராஜாஜி ரசித்திருப்பார். மற்றதை ரசிக்க வாய்ப்பில்லை. சுதந்திரா கட்சியே தலைமையேற்று ஆட்சி அமைத்தது அந்த ஆண்டு ஒரிசாவில்தான். ராஜபாளையத்துக் குமாரசாமி ராஜா முன்பு ஆளுநராக இருந்த மாநிலம்.

1971-ல் காட்சி மறுபடி மாறியது. பிளவுபட்ட காங்கிரஸில் இந்திரா காந்தி தி.மு.க.வோடு, காமராஜ் ராஜாஜியோடு. வாழ்நாள் முழுக்க எதிரும் புதிருமாக இருந்த இருவர் ஒரே மேடையில் ஏறினார்கள். இந்த வட்டாரத்தில் 1962 முதல் காமராஜ் எதிர்ப்பு ஓட்டுதான் ராஜாஜிக்கு மூலதனம். அதைக் காமராஜிடமே கொண்டுபோய் அடகு வைத்தது போலாகிவிட்டது. சட்டமன்றத்தில் தி.மு.க. 184, காமராஜின் காங்கிரஸ் 15, சுதந்திரா 6. சிவகாசி மக்களவைத் தொகுதியில் இந்திரா காங்கிரஸின் வி. ஜெயலட்சுமி ஜெயித்தார். தேசிய அளவில் சுதந்திரா 44-லிருந்து 8-க்கு வந்தது.

1972 டிசம்பர் 25-ல் ராஜாஜி காலமானார். 1974-ல் கட்சி பாரதிய லோக் தளத்தில் கரைந்தது. சிவகாசியில் அதற்குப் பிறகு நட்சத்திரச் சின்னம் ஜெயிக்கவில்லை. அங்கே லைசென்ஸ் பற்றிய புலம்பல் மட்டும் இன்றுவரை ஓயவில்லை; அதை ஓட்டாக மாற்ற தனிக் கட்சி வேண்டும் என்று அந்த வட்டாரம் நினைக்கவில்லை.