பிரசங்கம் செய்ய வந்தவர்கள் பாடம் நடத்தியது ஏன்? தாம்பரத்தில் வாழ்ந்த மிஷனரிகளின் கதை

தாம்பரம் ரயில் நிலையத்தில் இறங்கி கிழக்குப் பக்கம் வந்தால், கொஞ்ச தூரத்திலேயே ஒரு காடு ஆரம்பிக்கிறது. பஸ் ஹாரன் சத்தம் கேட்கும் தூரத்தில் புள்ளிமான்கள் மேய்கின்றன. அதுதான் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. எல்லோரும் சொல்வதுபோல, எம்.சி.சி. பரப்பளவு சுமார் 365 ஏக்கர்.

இந்த இடத்துக்கு ஒரு பெரிய கதை இருக்கு. சொந்த ஊரை விட்டு கடல் கடந்து வந்த மிஷனரிகள் இங்கே எப்படி வாழ்ந்தார்கள், எதை நம்பினார்கள், எதில் சறுக்கினார்கள் என்பதுதான் அந்தக் கதை.

மிஷனரி என்றால் யார்?

ஒரு சபையோ மிஷன் சங்கமோ சம்பளம் கொடுத்து, தன் மதப் பணிக்காக வேறு ஊருக்கு அனுப்பும் நபர்தான் மிஷனரி. தெருமுனையில் பிரசங்கம் செய்பவர் மட்டும்தான் மிஷனரி என்று பலரும் நினைக்கிறோம். ஆனால் டாக்டர், நர்ஸ், அச்சகம் நடத்தியவர், கணக்கு வாத்தியார் என்று பலரும் மிஷனரிகளாக வந்திருக்கிறார்கள்.

தென் சென்னைக்கு இது புதிதல்ல. இயேசுவின் சீடரான தோமா பரங்கிமலையில் உயிர்விட்டார் என்பது கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. அந்தப் பரங்கிமலையைத் தாண்டித்தான் தாம்பரம் மின்சார ரயில் இன்றும் ஓடுகிறது.

வில்லியம் மில்லர் என்ன நம்பினார்?

எம்.சி.சி-யின் வேர் தாம்பரத்தில் இல்லை, ஜார்ஜ் டவுனில் இருக்கிறது. ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் ஆண்டர்சன் 1837-ல் அங்கே ஒரு பள்ளியைப் பொறுப்பேற்று நடத்தினார். 1855-ல் சென்னையிலேயே இறந்தும் போனார். அந்தக் காலத்தில் மிஷனரியாகக் கிளம்பியவர்கள் பலருக்கும் ஊர் திரும்புவோம் என்ற நிச்சயம் கிடையாது.

1862-ல் வில்லியம் மில்லர் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 24. சூயஸ் கால்வாய் திறக்க இன்னும் 7 வருடம் இருந்தது. பள்ளியைப் பெரிய கல்லூரியாக வளர்த்தவர் இவர்தான். திருமணம் செய்துகொள்ளவில்லை. சொந்தப் பணத்தையும் கல்லூரிக்கே போட்டார். 1907-ல் ஓய்வு பெற்று ஊர் திரும்பினார். கடைசிக் காலத்தில் கண் பார்வை போய், 1923-ல் காலமானார்.

இவரிடம் படித்த மாணவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். மதம் மாறியவர்கள் ரொம்பக் குறைவு. "நாங்கள் காணிக்கை கொடுக்கிறோம், அங்கே ஆள் சேரவில்லையே?" என்ற ரீதியில் ஸ்காட்லாந்தில் கேள்வி எழுந்தது. மில்லரின் பார்வையோ வேறு. தலைகளை எண்ணுவது தன் வேலை இல்லை, கிறிஸ்தவச் சிந்தனை படிப்பு வழியாகச் சமூகம் முழுக்க மெல்ல ஊற வேண்டும் என்று அவர் வாதாடினார். சரியோ தவறோ, அந்த நம்பிக்கையில்தான் 45 வருடம் ஓடியது.

அன்றாட வாழ்க்கை எப்படி இருந்தது?

பொதுவாக, புதிதாக வந்த மிஷனரிக்கு முதல் வேலை மொழி படிப்பது. ஒரு முன்ஷியை வைத்துக்கொண்டு 'ல', 'ள', 'ழ' பழகி, சங்கம் வைக்கும் பரீட்சையில் தேற வேண்டும். கல்லூரியில் பாடம் ஆங்கிலத்தில் என்பதால் பேராசிரியர்கள் ஓரளவு சமாளித்துவிடலாம். கிராமத்துக்குப் போனவருக்குத் தமிழ் இல்லாமல் ஒரு நாள்கூட ஓடாது.

வெயில் காலத்தில் பலர் கொடைக்கானல் போன்ற மலை ஊர்களுக்குப் போனார்கள். சில வருடங்களுக்கு ஒருமுறை நீண்ட விடுப்பில் தாய்நாடு போய், அங்குள்ள சபைகளுக்கு வேலையைப் பற்றிக் கணக்குச் சொல்ல வேண்டும். பிள்ளைகளைப் படிப்புக்காகக் கப்பலேற்றி அனுப்பிவிட்டு, வருடக்கணக்கில் கடிதத்தில் மட்டும் பேசிக்கொண்ட பெற்றோர் நிறைய பேர்.

விதிவிலக்கும் உண்டு. நெல்லைச் சீமையில் டோனாவூரில் குழந்தைகள் இல்லம் நடத்திய ஏமி கார்மைக்கேல், 1895-ல் இந்தியா வந்தவர், 1951-ல் இறக்கும்வரை ஒருமுறைகூட ஊர் திரும்பவில்லை.

தியாகம் சரி, நட்பு எங்கே?

இந்தக் கேள்வியை வெள்ளைக்காரர்கள் முகத்துக்கு நேராகக் கேட்டவர் ஒரு தமிழர். பெயர் வி.எஸ். அசரியா. நெல்லைச் சீமையில் வெள்ளாளன்விளையில் பிறந்தவர், எம்.சி.சி-யில் படித்தவர்.

1910-ல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. அதில் பேசிய அசரியா, மிஷனரிகளின் தியாகத்துக்கு நன்றி சொன்னார். அதோடு நிறுத்தவில்லை. இந்தியர்களை எஜமானர் வேலைக்காரரைப் பார்ப்பதுபோல் பார்க்கிறீர்கள், எங்களுக்கு வேண்டியது நண்பர்கள் என்ற பொருளில் பேசினார். அரங்கில் பலருக்கு அது சங்கடமாக இருந்தது. ஆனாலும் இன்றுவரை அந்த மாநாட்டைப் பற்றிப் பேசும்போது முதலில் நினைவுக்கு வருவது அந்தப் பேச்சுதான்.

1912-ல் அசரியா, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப் ஆனார்.

கல்லூரி ஏன் தாம்பரம் வந்தது?

ஜார்ஜ் டவுனில் இடம் போதவில்லை. மாணவர்களும் ஆசிரியர்களும் ஒரே வளாகத்தில் தங்கிப் படிக்கும் கல்லூரி வேண்டும் என்ற எண்ணமும் இருந்தது. 1931-ல் கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. 1937-ல் கல்லூரி தாம்பரத்துக்கு வந்துவிட்டது.

சேலையூர் ஹால், செயின்ட் தாமஸ் ஹால், பிஷப் ஹீபர் ஹால் என்று விடுதிகள் எழுந்தன. வகுப்பு முடிந்ததும் ஆசிரியர் ஒரு பக்கம், மாணவர் ஒரு பக்கம் என்று பிரிந்து போகாமல், ஒரே வளாகத்தில் வாழும் ஏற்பாடு இது.

வந்தபோது அந்த நிலம் பெரும்பாலும் முட்புதர்க் காடு. பிரிட்டனிலிருந்து வந்த வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் அங்கே மரங்களை நட்டு வளர்த்தார்கள். பார்ன்ஸ் பாடம் எடுத்தது வேதியியல், மனசு இருந்தது செடிகொடிகளில். மலைகளில் சுற்றித் தாவரங்களைச் சேகரித்தார். 'அரிசீமா பார்னெசி' என்ற செடிக்கு அவர் பெயர்தான் வைக்கப்பட்டிருக்கிறது.

உலகமே தாம்பரம் வந்த டிசம்பர்

1938 டிசம்பரில் உலக மிஷனரி மாநாடு ஒன்று தாம்பரத்தில், இதே வளாகத்தில் நடந்தது. முதலில் சீனாவில் நடத்தத்தான் திட்டம். ஜப்பான் போர் தொடுத்ததால் இடம் மாறியது. ஜான் ஆர். மாட் தலைமை. சுமார் 470 பிரதிநிதிகள் வந்தார்கள். ஆசியா, ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவர்கள் முன்பு எப்போதும் இல்லாத அளவில் வந்திருந்தார்கள். அசரியாவும் அதில் ஒருவர்.

அங்கே ஒரு பெரிய விவாதம் வெடித்தது. நெதர்லாந்து அறிஞர் ஹென்ட்ரிக் கிரேமர், கடவுள் தன்னை வெளிப்படுத்தியது கிறிஸ்துவிடம்தான், மற்ற மதங்கள் மனித முயற்சி என்ற கோணத்தில் எழுதியிருந்தார். அதை மறுத்தவர்களில் முக்கியமானவர் ஏ.ஜி. ஹாக். எம்.சி.சி தாம்பரம் வந்தபோது முதல்வராக இருந்தவர். பிற மதத்தவரிடமும் உண்மையான, உயிருள்ள இறைநம்பிக்கை இருக்கிறது, அதை மரியாதையோடு அணுக வேண்டும் என்பது அவர் வாதம்.

ஹாக் இதைப் புத்தகத்தில் மட்டும் கற்கவில்லை. 1903-ல் இருந்து இந்து மாணவர்களுக்குத் தத்துவம் நடத்தியவர் அவர். அவரிடம் படித்த ஒரு மாணவர், மிஷனரிகள் இந்து மதத்தை விமர்சித்தது உறுத்தியதால், வேதாந்தத்தின் அறநெறி பற்றியே எம்.ஏ ஆய்வேட்டை எழுதினார். அந்த மாணவர், பின்னாளில் குடியரசுத் தலைவரான சர்வபள்ளி ராதாகிருஷ்ணன்.

பாடம் நடத்த வந்தவரும் மாணவர்களிடம் பாடம் படித்திருக்கிறார் என்றுதான் சொல்ல வேண்டும்.

இன்று நிலைமை என்ன?

1962-ல் எம்.சி.சி-க்கு முதல் இந்திய முதல்வராக சந்திரன் தேவநேசன் வந்தார். வெளிநாட்டு மிஷனரிகள் வருவதும் இப்போது ரொம்பக் குறைந்துவிட்டது. மிஷனரிப் பணிக்கு வர தனி விசா வேண்டும். சுற்றுலா விசாவில் வந்து மதப் பிரசாரம் செய்யக் கூடாது. ஓசிஐ அட்டை வைத்திருப்பவர்களும் மிஷனரிப் பணிக்குச் சிறப்பு அனுமதி வாங்க வேண்டும் என்று 2021-ல் மத்திய அரசு அறிவித்தது.

பயணத்தின் திசையும் மாறிவிட்டது. 1903-லேயே அசரியாவும் நண்பர்களும் நெல்லையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கி, தமிழர்களைத் தெலுங்கு நாட்டுக்கு அனுப்பினார்கள். அசரியாவும் டோர்னக்கல் போய் வேலை செய்தார். வேற்று மொழி, வேற்றுச் சாப்பாடு, புது ஊர் என்ற அதே சோதனை இப்போது தமிழருக்கு வந்தது. "நீ எங்களுக்கு நண்பனா?" என்று உள்ளூர்க்காரர் கேட்டால் என்ன பதில் சொல்வது என்ற பொறுப்பும் கூடவே வந்தது.