எம்.ஜி.ஆர். கத்தி பிடிச்சது எங்க?

ஜாக்கி சான் கதை நமக்கெல்லாம் தெரியும்: ஏழு வயசுல ஹாங்காங்ல ஒரு பீக்கிங் ஆப்பரா பள்ளி, பத்து வருஷ ஒப்பந்தம், அடி, குட்டிக்கரணம். கல்பாக்கத்துல டிவி முன்னாடி அந்தப் படங்களைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, கிட்டத்தட்ட அதே கதை நம்ம பக்கமும் இருக்குன்னு யாரும் சொல்லல.

1917-ல கண்டி பக்கம் நாவலப்பிட்டியில பிறந்தவர் எம்.ஜி.ஆர். அப்பா சீக்கிரமே இறந்துட்டார். அம்மா சத்யபாமா பிள்ளைங்களோட கும்பகோணம் வந்தாங்க. வீட்ல வறுமை. சோறாவது கிடைக்கும்னுதான் அவரும் அண்ணன் சக்கரபாணியும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில சேர்ந்தாங்க.

பாய்ஸ் கம்பெனின்னா, பொம்பளை வேஷம் உட்பட எல்லாத்தையும் பையன்களே கட்டுற நாடகக் குழு. பாட்டு, வசனம், ஆட்டம், கத்திச்சண்டை எல்லாம் அங்கேயே பழகணும். குரல் உடைஞ்சா பாட்டு போயிடும். உடம்புல ஏறின சண்டை போகாது.

1936-ல 'சதி லீலாவதி'யில சின்ன வேஷம். ஹீரோவாக 1947-ல 'ராஜகுமாரி' வர வேண்டியிருந்தது. பதினோரு வருஷம்!

இன்னொரு விஷயம். அவரோட மோதின நம்பியாரும் நவாப் ராஜமாணிக்கம் நாடகக் குழுவுல வளர்ந்தவர்தான். 1951-ல வந்த 'சர்வாதிகாரி' சண்டையைப் போட்டு, கத்தியை விட்டுட்டு ரெண்டு பேரோட காலை மட்டும் பாருங்க.