திரட்டேடு

பொருள்: ஒரு மாணவர் ஆண்டு முழுதும் எழுதியவை, வரைந்தவை, போட்ட கணக்குகள் ஆகியவற்றிலிருந்து தேர்ந்தெடுத்து, தேதியிட்டுச் சேர்த்த தொகுப்பு. ஆங்கில வழக்கில் போர்ட்ஃபோலியோ.

சொற்பிறப்பு: திரட்டு + ஏடு. போர்ட்ஃபோலியோவின் மூலம் இத்தாலிய மொழி. போர்ட்டாரே என்றால் சுமத்தல். ஃபோலியோ என்றால் தாள். அதற்கும் மூலமான இலத்தீன் ஃபோலியம் இலையைக் குறிக்கும். நம் ஏடும் ஓலையில் பிறந்ததே. தாள் வைக்கும் உறையைக் குறித்த சொல், ஓவியரின் படைப்புத் தொகுப்புக்கும் பெயராகி, வகுப்பறைக்கும் வந்தது.

வழக்கு: 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம் 4, 8ஆம் வகுப்புகளில் எழுத்தையும் கணிதத்தையும் திரட்டேடு கொண்டு மதிப்பிடும் முறையைக் கொண்டுவந்தது. ஒரே தொகுப்புக்கு இரு ஆசிரியர்கள் வெவ்வேறு மதிப்பெண் இட்டது அங்கே பெரிய சிக்கலாயிற்று. பள்ளிகளை ஒப்பிட்டுத் தரம் பிரிக்க இது தோதான கருவியன்று. ஒரு குழந்தையின் வளர்ச்சியை அறியவோ இதைவிட நல்ல வழி அரிது. ஜூனில் ‘பளம்’ என்று எழுதிய இரண்டாம் வகுப்புக் குழந்தை, பிப்ரவரியில் ‘பழம் பழுத்தது’ என்று எழுதுகிறது. இரண்டு தாளையும் அருகருகே வைத்தால் பெற்றோருக்கு மதிப்பெண் பட்டியலே வேண்டாம்.

குறிப்பு: எந்தத் தாளைச் சேர்ப்பது, ஏன் என்பதைக் குழந்தையே சொல்ல வேண்டும். ஆசிரியர் மட்டும் சேர்த்துக் கட்டினால் அது வெறும் கோப்பு.