குவாசர் வளிம வெளிப்பாய்வின் வடிவம்

குவாசர் என்பது தொலைவிலுள்ள ஒரு விண்மீன் பேரடையின் மிக ஒளிமிக்க மையமாகும். அங்குள்ள பெருங்கருந்துளையைச் சுற்றும் வட்டில் விழும் வளிமம் சூடேறி ஒளிர்கிறது. அதே வட்டிலிருந்து ஒரு பகுதி வளிமம் வெளியே வீசப்படுவதும் உண்டு. இதுவே வெளிப்பாய்வு எனப்படுகிறது.

1963-இல் மார்ட்டன் சிமிட் 3சி 273 என்னும் குவாசரின் செம்பெயர்ச்சியைக் கண்டறிந்தார். 1967-இல் ரோஜர் லிண்ட்ஸ், பிஎச்எல் 5200 குவாசரின் நிறமாலையில் அகன்ற உட்கவர் வரிகள் இருப்பதை விவரித்தார். அவை நீல நிறப் பக்கம் நகர்ந்திருந்தன. குவாசருக்கு முன்னுள்ள வளிமம் நம்மை நோக்கி விரைந்து வருவதையே இது காட்டுகிறது. இத்தகைய குவாசர்கள் சிலவற்றில் அதன் வேகம் ஒளியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கைத் தொடுகிறது.

கண்ணுறு ஒளியில் கண்டறியப்படும் குவாசர்களில் ஏறக்குறைய 10 முதல் 20 விழுக்காட்டில் மட்டுமே இவ்வரிகள் காணப்படுகின்றன. மற்றவற்றில் வெளிப்பாய்வு இல்லையா, அல்லது அது நம் பார்வைக் கோட்டில் குறுக்கிடவில்லையா என்ற கேள்வி எழுந்தது. 1991-இல் ரே வேய்மனும் அவருடைய குழுவினரும் இருவகைக் குவாசர்களையும் ஒப்பிட்டனர். அவற்றின் உமிழ்வு வரிகள் பெரும்பாலும் ஒத்திருந்ததால், வேறுபாடு பார்க்கும் கோணத்தில்தான் உள்ளது என்ற கருத்து வலுப்பெற்றது.

1995-இல் நார்மன் மர்ரே குழுவினர், புறஊதா ஒளியின் அழுத்தத்தால் வட்டிலிருந்து காற்றுப்போல் வளிமம் கிளம்பும் மாதிரியை முன்வைத்தனர். 2000-இல் மார்ட்டின் எல்விஸ் புனல் வடிவ மாதிரி ஒன்றை வெளியிட்டார். புஸ்வாணத்தின் பொறிகளைப் போல, அதில் வளிமம் முதலில் நேராக மேலெழுந்து, பின் வெளிப்புறமாகச் சாய்ந்து விரிகிறது. பாயும் திசைக்கு நேரெதிரே நின்று பார்ப்பவருக்கு அகன்ற வரிகள் தெரியும். மேலெழும் பகுதியின் குறுக்கே பார்ப்பவருக்குக் குறுகிய வரிகள் தெரியும். புனலின் வாய்வழியே உள்ளே பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது.

ஆயினும், கோணம் ஒன்றே முழு விளக்கமாகவில்லை. அதே ஆண்டு ராபர்ட் பெக்கர் குழுவினர் ரேடியோ ஆய்வில் கண்ட இத்தகைய குவாசர்கள் பல்வேறு கோணங்களில் அமைந்திருப்பதாகத் தோன்றியது. எனவே, இது குவாசரின் வாழ்வில் ஒரு தொடக்கக் கட்டமாக இருக்கலாம் என்ற மாற்றுக் கருத்தும் நிலவுகிறது.

இவ்விவாதம் வடிவத்தைப் பற்றியது மட்டுமன்று. வெளிப்பாய்வு வானில் எவ்வளவு பரப்பை மறைக்கிறது என்பதைப் பொறுத்தே அது கொண்டுசெல்லும் நிறையும் ஆற்றலும் கணக்கிடப்படுகின்றன. அவ்வாற்றல் போதிய அளவு பெரிதாயின், பேரடையின் குளிர்ந்த வளிமத்தை வெளியேற்றிப் புதிய விண்மீன்கள் பிறப்பதையே அது தடுக்கக்கூடும்.